அம்மாவும் அப்பாவும் என் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள்!

கேள்வி: எனக்கு 29 வயது. வேலைக்காக வெளியூரில் தனியாக இருக்கிறேன். ஒரே வீட்டில் இருந்தும் அப்பாவும் அம்மாவும் நேரடியாகப் பேசிக்கொள்வது அபூர்வம். எதுவானாலும் எனக்குத்தான் போன் வரும். "அப்பாகிட்ட நீயே சொல்லு" என்பார் அம்மா. "உங்கம்மாவுக்கு எடுத்துச் சொல்லு" என்பார் அப்பா. அம்மாவோடு வேறு விஷயம் பேசியே ரொம்ப நாளாகிறது. ராத்திரி போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வருவதில்லை. போன் வராத நாட்களில் நன்றாகத் தூங்குகிறேன். இது மனநோயா? விலகி நின்றால் சுயநலக்காரி ஆகிவிடுவேனா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போன் வராத நாட்களில் நன்றாகத் தூங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல செய்தி. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது மன அழுத்தம் போலத்தான் தெரிகிறது. போன் மணியை ஆபத்து என்று எடுத்துக்கொள்ள உங்கள் உடம்பு பழகிவிட்டது. மணி அடித்ததும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து இதயம் வேகமாகத் துடிக்கிறது, பின்னாலேயே கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் ஏறுகிறது. கார்ட்டிசால் விடியும் நேரத்தில் கூடி, இரவில் குறைய வேண்டிய சுரப்பு. படுக்கப் போகிற நேரத்தில் ஒரு சண்டையைக் காதில் வாங்கிக்கொண்டால் தூக்கம் எப்படி வரும்?

ஆனால் 2 வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் சோர்ந்து கிடந்தாலோ, பிடித்த விஷயங்கள்கூட வெறுத்துப்போனாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருவோம். மர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1950களில் நோயாளியோடு குடும்பத்தையும் மருத்துவமனையில் தங்கவைத்துக் கவனித்தார். இருவருக்கிடையே இறுக்கம் தாங்க முடியாமல் போகும்போது மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள் என்றார். அதை 'முக்கோணம்' என்று அழைத்தார். இருவருக்கும் அப்போதைக்குப் பாரம் குறையும், பிரச்சினை அப்படியே இருக்கும். நடுவில் இருப்பவருக்கோ மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்ற நிலைமைதான். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: நீங்கள் செய்தியை அவ்வளவு பொறுப்பாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதால்தான் அவர்கள் நேரில் பேசாமலே காலம் தள்ள முடிகிறது.

அதற்காக உறவை முறித்துக்கொள்ள வேண்டாம். முறித்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிடாது என்று போவனே சொல்கிறார். தூது போவதை மட்டும் விடுங்கள். சண்டை நடக்கும்போது அல்ல, ஒரு பகல் நேரத்தில் நீங்களாகவே போன் செய்யுங்கள். "அம்மா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா அப்பாகிட்ட இதை நீங்கதான் சொல்லணும், இனிமே நான் சொல்லமாட்டேன்." அப்பாவிடமும் இதையே சொல்லுங்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்லாதீர்கள். சொல்லிவிட்டு உடனே போனை வைத்துவிடாமல், அம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது, நாள் எப்படிப் போனது என்று அவரைப் பற்றிக் கேளுங்கள்.

முதலில் நிலைமை மோசமாவது போலத்தான் தெரியும். "இப்ப உனக்கு நாங்க வேண்டாதவங்களாயிட்டோம்" என்ற பேச்சு வரலாம். அதற்குப் பதில் வாதம் வேண்டாம், அதே வாக்கியத்தை அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். ஒருநாள் மனமிரங்கித் தூது போய்விட்டால், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் காரியம் ஆகும் என்று அவர்களுக்குத் தோன்றிவிடும்.

சுயநலமா என்று கேட்டீர்கள். பெற்றோர் மேல் பாசம், மரியாதை, இவைதான் உங்கள் விழுமியங்கள். தூது போவது குடும்பம் தன்னையறியாமல் உங்கள் தலையில் கட்டிய வேலை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் குற்ற உணர்ச்சி வருகிறது. அந்த வேலைதான் இப்போது அம்மாவோடு மனம்விட்டுப் பேச விடாமல் செய்கிறது என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

ஒன்று மட்டும் கவனம். வீட்டில் அடிதடியோ மிரட்டலோ இருந்தால் மேலே சொன்னது பொருந்தாது. அப்போது நேரில் பேசச் சொல்லாதீர்கள், பாதிக்கப்படுபவரின் பாதுகாப்புக்கு உடனே வழி செய்யுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், தம்பதியர் ஆலோசகர் ஒருவரின் எண்ணை இருவருக்கும் கொடுங்கள். போன் செய்து நேரம் கேட்பதை அவர்களே செய்யட்டும்.