கழுகு காட்டிக்கொடுத்த மலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. யாரும் சுலபமா ஏற முடியாத மலைக்கு மேல ஒரு ஊர், அங்க எல்லாரும் புஸ்தகமும் மந்திரமுமா வாழுறாங்கன்னு வர்ற கதைன்னா அவளுக்கு உசுரு. "நிஜத்துல அப்படி ஒரு ஊர் இருந்துச்சாம்மா?"ன்னு கேக்குறா, என்ன சொல்றது?
வாசகி, திருப்பூர்

பதில்: இருந்துச்சுன்னு தைரியமா சொல்லுங்க. ஈரான்ல, காஸ்பியன் கடலுக்குத் தெக்கால, எல்புர்ஸ் மலைக்குள்ள அலமூத்னு ஒரு பாறைக்கோட்டை. அந்தப் பக்கத்து ராஜா ஒருத்தர் வேட்டைக்குப் போனப்ப அவரோட கழுகு பறந்துபோய் அந்தப் பாறை மேல உக்காந்துச்சாம், அப்பதான் இங்க கோட்டை கட்டலாமேன்னு அவருக்குத் தோணுச்சாம், அதனால 'கழுகு கத்துக்கொடுத்தது'ங்கிற அர்த்தத்துல பேர் வந்துச்சுன்னு சொல்வாங்க. 1090ல ஷியா முஸ்லிம்கள்ல இஸ்மாயிலிங்கிற பிரிவைச் சேர்ந்த ஹசன் இ சப்பாஹ் அதைப் பிடிச்சார். சண்டையே இல்ல, உள்ள இருந்த ஆளுங்களைக் கொஞ்சம் கொஞ்சமா தன் பக்கம் இழுத்துட்டு, பழைய கோட்டைக்காரருக்கு 3,000 தங்கக்காசுக்கு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பி வச்சார்னு வரலாறு சொல்லுது. அப்புறம் 1124ல சாகுற வரைக்கும் அவர் மலையை விட்டு இறங்கல, படிப்பு, எழுத்து, நிர்வாகம், அவ்வளவுதான் வாழ்க்கை. சமய நூல்னாலே அரபிதான்னு இருந்த காலத்துல, அங்க ஜனங்க பேசுற பாரசீகத்துல எழுதினார் பாருங்க, எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்சது அதுதான்.

அவருக்கு அப்புறமும் அங்க நூலகம் வளந்துகிட்டே இருந்துச்சு. வானவியல் மேதை நசீருத்தீன் அல்-தூசி (1201–1274) இஸ்மாயிலிகளோட கோட்டைகள்லதான் இருபது வருஷத்துக்கு மேல இருந்தார். ஒரு வட்டத்துக்குள்ள அதுல பாதி குறுக்களவு இருக்கிற இன்னொரு வட்டத்தை உருட்டினா, சின்ன வட்டத்தோட விளிம்புல இருக்கிற புள்ளி நேர்கோட்டுல போய்ப் போய் வரும், இதை அவர்தான் யோசிச்சார். அந்த யோசனை முதல்ல வந்தது அந்தக் கோட்டை வாழ்க்கைக் காலத்துலதான். பொண்ணுகிட்ட அட்டையில ரெண்டு வட்டம் வெட்டிக் கொடுத்து உருட்டிப் பாக்கச் சொல்லுங்க, அசந்துடுவா.

கேள்வி: அலமூத்ல சொர்க்கம் மாதிரி தோட்டம் வச்சு, மயக்க மருந்து கொடுத்து ஆளுங்களை வசியம் பண்ணாங்கன்னு ஒரு வீடியோவுல பாத்தேன். உண்மையா சார்?
வாசகர், வேலூர்

பதில்: இல்லைங்க. அந்தத் தோட்டக் கதையை உலகமெல்லாம் பரப்பினது மார்க்கோ போலோ, அந்தக் கோட்டை விழுந்தது 1256ல, அப்ப அவருக்கு ரெண்டு வயசு. எதிரித் தலைவர்களைக் கத்தியால கொல்ல ஆள் அனுப்பினாங்கங்கிறது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்ல, ஆனா மயக்க மருந்து, பொய்ச் சொர்க்கம் எல்லாம் வெளியாளுங்க கட்டினது.

மந்திரம்னு அங்க இருந்தவங்களே நம்பினது ஒண்ணு உண்டு, அதைச் சொல்றேன். பாறையைக் குடைஞ்சு தொட்டி தொட்டியா தண்ணி, காடி, தேன்னு சேத்து வச்சிருந்தாங்க. கோட்டை விழுந்தப்புறம் உள்ள போனவங்கள்ல ஒரு ஆள், ஆழம் தெரியாம தேன் தொட்டிக்குள்ள இறங்கி முழுகிட்டானாம்! ஹசன் காலத்துல வச்ச பண்டம் நூத்தி அறுபது வருஷம் கழிச்சும் கெடாம இருந்துச்சாம், அதை அவரோட புனிதத்தாலன்னு நம்பினாங்க. எனக்கு அது இருட்டும் குளிரும், பாறையை அவ்வளவு நல்லாக் குடைஞ்ச கொத்தனாரோட கையும் சேர்ந்து பண்ணின வேலைன்னுதான் படுது.

கேள்வி: அந்த நூலகம் இப்ப இருக்கா?
வாசகி, நாகர்கோவில்

பதில்: இதை எழுதும்போது மனசு கனக்குது. 1256ல மங்கோலியத் தலைவர் ஹுலாகு படையோட வந்தப்ப, ஜுவைனிங்கிற வரலாற்றாசிரியர் கூடவே வந்தார், நூலகத்துக்குள்ள போக அனுமதி வாங்கினார், குரான் பிரதிகளையும் தனக்கு நல்லதாப் பட்ட புத்தகங்களையும் வானத்தை அளக்கிற கருவிகளையும் தனியா எடுத்து வச்சார், இஸ்மாயிலி சமய நூலை எல்லாம் நெருப்புல போட்டார். அதை அவரே பெருமையா எழுதி வச்சிருக்கார். ஆனா ஹசனோட வாழ்க்கைக் கதை சொல்ற நூலை எரிக்கிறதுக்கு முன்னாடி படிச்சு, தன் புத்தகத்துல நிறைய எடுத்து எழுதிட்டார், இன்னிக்கு ஹசனைப் பத்தி நமக்குத் தெரியுறதுல பெரும் பங்கு அவரை வெறுத்த அந்த ஆள் கையெழுத்து வழியாத்தான் வந்தது. தூசி தப்பிச்சார், 1259ல ஈரான்லயே மராகாங்கிற ஊர்ல பெரிய வானாய்வுக்கூடம் கட்ட ஆரம்பிச்சார்.

கேள்வி: இப்படி ஒரு கற்பனை ஊர் வச்சு நாவல் எழுதறேன். டிப்ஸ் ப்ளீஸ்.
வாசகர், மதுரை

பதில்: நூலகத்தை வர்ணிக்கிறதுக்கு முன்னாடி சோறு எங்கிருந்து வருதுன்னு முடிவு பண்ணுங்க. ஹசன் பண்ணின முதல் வேலைகள்ல ஒண்ணு வாய்க்கால் வெட்டி, கீழ இருந்த பள்ளத்தாக்குல பயிர் வச்சது.

கேள்வி: நம்ம நாட்டுல இந்த மாதிரி இடம், இன்னும் உசுரோட இருக்கிறது எதுவும் இல்லையா?
வாசகி, சேலம்

பதில்: இருக்கே, இமாச்சலப் பிரதேசத்துல ஸ்பிதி பள்ளத்தாக்குல தாபோ மடம்! 996ல ஆரம்பிச்சது, சுமார் 3,280 மீட்டர் உயரம், சுவரெல்லாம் மண்ணுதான், மழை அவ்வளவாப் பெய்யாத பூமிங்கிறதால ஆயிரம் வருஷமா நிக்குது. அந்த வட்டாரமே ரின்சென் சங்போ (958–1055) பேரைச் சொல்லும், காஷ்மீருக்குப் போய் சமஸ்கிருதம் படிச்சு பௌத்த நூல்களைத் திபெத்திய மொழிக்குக் கொண்டுவந்தவர், அவருக்கு ஊர் கொடுத்த பட்டம் என்ன தெரியுமா, 'லோத்சாவா', மொழிபெயர்ப்பாளர்னு அர்த்தம். ராஜாவுக்கு நிகரான மரியாதை ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு! படிக்கும்போதே எனக்குப் புல்லரிச்சுது.

அங்கயும் மந்திரம் உண்டு, தாந்திரிக பௌத்தம், பெரிய மண்டபமே ஒரு மண்டலமா, அதாவது தெய்வங்களைச் சுத்தி வச்ச தியானச் சக்கரம் மாதிரி அமைச்சது, சுவரை ஒட்டி முப்பதுக்கு மேல சுதைச் சிலைங்க சுத்தி உக்காந்திருக்கும். பழைய ஏட்டுத்தாள் ஆயிரக்கணக்குல கிடைச்சிருக்கு. 1975 நிலநடுக்கத்துல அடிபட்டுச்சு, 1983ல புது பிரார்த்தனை மண்டபம் கட்டினாங்க, பழையதுலயும் பூசை நிக்கல, பிக்குகள் இன்னிக்கும் இருக்காங்க. ஊருக்கு மேல பாறையில குகைங்க தெரியும், பிக்குகள் தியானம் பண்ணின இடம்.

போறதா இருந்தா சிம்லா, கின்னோர் வழியாப் போங்க, மணாலி வழியில குன்சும் கணவாய் குளிர்காலத்துல பனியில மூடிடும். உள்ள போட்டோ எடுக்க விடமாட்டாங்க, நல்ல இருட்டு வேற. கண்ணு பழகுற வரைக்கும் கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க, அப்பதான் சுவர்ல ஒவ்வொரு முகமா வெளிய வரும்.