ஒரே கரைக்கு நூறு முறை: சிறு பிள்ளைகளின் வீட்டுக்கல்வி குறித்துக் கேள்வி பதில்

தொடக்கப் பள்ளியில் ஆறு ஆண்டுகள் பாடம் நடத்திய பிறகு, இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கு அருகில் ஒரு கடலோர ஊரில் என் இரு பிள்ளைகளுக்கும் எட்டு ஆண்டுகளாக வீட்டிலேயே கற்பித்து வருகிறேன். நடைப்பயணத்தையும் அன்றாட விளையாட்டையும் கொண்டு எப்படிக் கற்பிப்பது என்று பலர் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். அதற்கு மேற்பட்ட வயதுக்கு வேறு ஏற்பாடுகள் வேண்டும்.

கீழக்கரை, நான்கரை வயது மகளின் தாய்: அக்கா, நாங்கள் தினமும் கடற்கரைக்குப் போகிறோம். மகள் ஓடுகிறாள், மணலில் விளையாடுகிறாள், திரும்பி வந்துவிடுகிறோம். நான் எதையும் கற்பிப்பதாகவே தோன்றவில்லை. இது எப்படிப் பாடமாகும்?

தினமும் ஒரே இடத்துக்குப் போகிறீர்களா என்பதைத்தான் முதலில் கேட்பேன். வீட்டுக்கல்வியைத் தொடங்கும் பெற்றோர் பலரும் இன்று அரிச்சல்முனை, நாளை காரங்காட்டு அலையாத்திக் காடு, அடுத்த வாரம் வாலிநோக்கம் என்று இடங்களை அடுக்கிக்கொண்டே போகிறார்கள். பிள்ளைக்கு அது சுற்றுலாவாகத்தான் இருக்கும். முதல் முறை பார்க்கும் இடத்தில் எல்லாமே புதிது என்பதால், எது மாறியிருக்கிறது என்று பிள்ளையால் சொல்ல முடியாது. இருநூறு அடி நீளமுள்ள ஒரு கரைத்துண்டைத் தேர்ந்துகொண்டு அதற்கே நூறு முறை போனால், நேற்று இல்லாதது இன்று கண்ணில் படத் தொடங்கும்.

என் மகனுக்கு ஐந்து வயதிருக்கும்போது, நண்டு வளைகளின் வாயில் மணல் ஒரு பக்கமாக மட்டும் எறியப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டான். எனக்கு விடை தெரியாது என்றேன், உண்மையிலேயே தெரியாது. அதன் பிறகு ஒன்பது நாட்கள் அவன் வளைகளுக்குச் சற்றுத் தள்ளி அசையாமல் உட்கார்ந்திருந்தான். நண்டு மணலைக் காலிடுக்கில் அணைத்துக்கொண்டு வெளியே வந்து, வீசிவிட்டு, வந்த வழியே உள்ளே போவதைத் தன் கண்ணால் பார்த்தான். வகுப்பறையில் ஐந்து வயதுப் பிள்ளையை ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது குறைவாகப் பேசுவதுதான். ஒரு நடைக்கு ஒரு கேள்வி போதும். "அடம்பங்கொடியின் இலை எதன் குளம்பைப் போல இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள், ஆட்டுக் குளம்பு என்று அவளே ஒரு நாள் சொல்வாள். இராவணன் மீசைப் புல்லின் முள்ளுருண்டைகள் காற்றில் உருண்டோடும் காலத்தில், அவை எந்தத் திசைக்கு ஓடுகின்றன என்று கேளுங்கள். பெயர்களை மட்டும் தயங்காமல் சொல்லிக்கொடுங்கள், அதுவும் உங்கள் ஊரில் வழங்கும் பெயரை. பெயர் தெரிந்த செடியைத்தான் பிள்ளை மறுநாள் தேடும்.

ஆறு வயது வரை முறையான பாடமே வேண்டாம், வெளியில் மணிக்கணக்கில் இருக்கட்டும் என்று இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வற்புறுத்தினார். அவர் சொன்ன மணிக்கணக்கு குளிர் நாட்டுக்கு உரியது. நம் கரையில் பங்குனி தொடங்கிவிட்டால் காலை எட்டரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். மாலையில் ஐந்துக்குப் பிறகு போகலாம்.

பாம்பன், விசைப்படகில் தொழில் செய்யும் தந்தை: நான் எட்டாவது வரைதான் படித்தேன். மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருக்கும்போது மகனுக்கு ஏதாவது சொல்லிக்கொடுக்க ஆசை. என்னைப் போன்றவரால் முடியுமா?

தம்பி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உங்களுக்கு 61 நாட்கள் கிடைக்கின்றன. உங்களுக்குத் தெரிந்ததில் பாதி எனக்குத் தெரியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

பாம்பன் தீவின் பிள்ளைக்கு வாய்த்த பாடம் உலகத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு வாய்க்கும்? தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. நம்மவர்கள் தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் வடக்குக் கடலைப் பெண்கடல் என்றும் சொல்கிறோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும்போது வடக்குக் கடல் கண்மாய்த் தண்ணீர் போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை எழுந்ததும் வடக்குக் கடல் சீற, தெற்குக் கடல் அடங்கிவிடும். தடைக்காலத்தில் வாரம் ஒரு நாள் மகனை இரண்டு கரைகளுக்கும் ஒரே காலையில் அழைத்துப் போங்கள். ஒரு துணித்துண்டைக் குச்சியில் கட்டிக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கச்சான் (மேற்கு), வாடை (வடக்கு), கொண்டல் (கிழக்கு), சோழகம் (தெற்கு) என்ற நான்கு காற்றுகளின் பெயர்களையும் அவன் அறிந்துகொண்டால் திசைகளையும் அறிந்துகொண்டவனாகிறான். ஐப்பசியில் மறுபடியும் போனால், பெண்கடல் ஏன் கோபித்துக்கொண்டது என்று அவனே கேட்பான். அந்தக் கேள்விக்காக ஆறு மாதம் காத்திருப்பது வீண் போகாது.

மீன் தரம் பிரிப்பதும் அப்படித்தான். சூடை, காரல், சாளை என்று கலந்து கிடப்பதைப் பிரித்துக் கூறு போடும் பிள்ளை, வடிவத்தையும் செதிலையும் வாலையும் பார்த்து வகைப்படுத்தக் கற்கிறது. பள்ளிகளில் இதையே நெகிழி வில்லைகளை வைத்துச் செய்ய வைக்கிறோம். 1907இல் ரோமில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, 1939இல் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்; கைகள் வேலை செய்யும்போதுதான் சிறு பிள்ளையின் மூளையும் வேலை செய்கிறது என்பதே அவருடைய முறையின் அடிப்படை. கூறு போடும் கைகளைப் பார்த்தால் அவருக்கும் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

சாயல்குடி, ஐந்து வயதுப் பேரனின் தாத்தா: நூறு வரை ஒப்பிக்கிறான். ஆனால் ஏழு புளியங்கொட்டையை எடுத்து வா என்றால் விழிக்கிறான். என்ன செய்வது?

ஐயா, ஒப்பிப்பது பாட்டு. எண்ணுவது வேறு வேலை. உங்கள் வீட்டுப் பரணில் பல்லாங்குழி இருந்தால் இறக்குங்கள். இல்லாவிட்டால் மணலில் இரண்டு வரிசையாகப் பதினான்கு குழிகள் தோண்டிக்கொள்ளுங்கள். குழிக்கு ஐந்து முத்து என்று எழுபது முத்துகள் வேண்டும். ஒரு குழியை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகும்போது, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற உறவு விரல்களில் பதிகிறது. பேரனுக்குக் குறைவாக இருப்பது இதுதான். குழியில் நான்கு சேர்ந்தால் பசு. அந்தப் பசுவைப் பிடிக்கும் ஆசையில், எண்ணாமலே நான்கைக் கண்டுகொள்ளும் பார்வை ஒரு மாதத்தில் வந்துவிடும்.

அடுத்த ஆட்டத்துக்குக் குழிகளை நிரப்பும்போதுதான் உண்மையான கணக்கு தொடங்குகிறது. பேரன் 43 முத்துகளை வென்றிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தன் ஏழு குழிகளையும் ஐந்தைந்தாக நிரப்பியது போக அவன் கையில் எட்டு மிஞ்சும். உங்களிடம் உள்ள 27இல் ஐந்து குழிகள் நிரம்பி இரண்டு மிஞ்சும். இரண்டு குழிகள் காலியாகவே கிடக்கும். மீதியோடு கூடிய வகுத்தலைத் தாத்தாவைத் தோற்கடித்த மகிழ்ச்சியோடு கற்கும் வாய்ப்பு எந்தப் பாடநூலிலும் இல்லை. சில நாள் தோற்றுக் கொடுங்கள். எல்லா நாளும் வேண்டாம், கண்டுபிடித்துவிடுவான்.

சாயல்குடி என்றதும் பனையைச் சொல்லாமல் விட முடியவில்லை. இரண்டு நுங்குக் கூடுகளையும் ஒரு குச்சியையும் கொண்டு வண்டி செய்யும்போது, அச்சு நடுவில் இல்லாவிட்டால் சக்கரம் நொண்டும் என்பதை அவனே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் திருத்த வேண்டாம். புரட்டாசி வாக்கில் பனங்கொட்டைகளைப் புதைத்துப் பொங்கலுக்குக் கிழங்கு பிடுங்கும் வரை, வாரத்துக்கு ஒரு கோடு சுவரில் போடச் சொல்லுங்கள்.

தொண்டி, ஆறு வயது மகனின் தாய்: மகனுக்கு இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. நடை, விளையாட்டு என்று இருந்து எழுத்தைக் கோட்டை விட்டுவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. "தானாக வரும்" என்று எழுத்தையும் விட்டுவிடும் வீட்டுக்கல்வியாளர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பேச்சு தானாக வரும்; எழுத்து சொல்லிக்கொடுத்தால்தான் வரும். நாள்தோறும் இருபது நிமிடம் ஒதுக்கி முறையாகக் கற்பியுங்கள்.

திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதித்தான் பிள்ளைகள் தொடங்கினார்கள். நமக்கு மணலுக்குப் பஞ்சமில்லை. அ, ஆ என்று வரிசையாகப் போகாமல், பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆன ட, ப, ம ஆகிய எழுத்துகளில் தொடங்கினால் மூன்றாம் நாளே 'படம்', 'பட்டம்', 'மடம்' என்று படித்துவிடுவான், புள்ளியின் வேலையையும் சேர்த்துச் சொல்லிவிட்டால். வீடு திரும்பியதும் அன்று பார்த்ததை வரையச் சொல்லி, அவன் சொல்லும் ஒரு வாக்கியத்தை அவன் சொன்னபடியே நீங்கள் படத்தின் கீழ் எழுதித் தேதி போடுங்கள். "நண்டு என்னைப் பார்த்து ஓடிருச்சு" என்றால் அப்படியே எழுதுங்கள். தன் வாயிலிருந்து வந்த வாக்கியத்தைத்தான் பிள்ளை முதலில் படிக்கும். மூன்று, நான்கு மாதம் இப்படி முறையாகச் செய்த பிறகும் எழுத்துகள் நிற்காவிட்டால், கண்ணையும் காதையும் மருத்துவரிடம் பரிசோதித்துவிடுங்கள்.

ஏர்வாடி, இரு பிள்ளைகளின் தாய்: கரையில் பொறுக்குவதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டு வரலாமா? சொறி (ஜெல்லி மீன்) பட்டுவிடுமோ என்றும் அச்சமாக இருக்கிறது.

எல்லாவற்றையும் கொண்டு வரக் கூடாது. கடலட்டை, கடற்குதிரை, பவளம், சில சங்கு வகைகள் ஆகியவை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. எங்கள் வீட்டில் பவளத் துண்டைக்கூட எடுப்பதில்லை. காலியாகத் தோன்றும் சங்கைக் கையில் எடுத்தால், சிறிது நேரம் அசையாமல் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். பெரும்பாலும் உள்ளிருந்து ஒரு துறவி நண்டு கால் நீட்டும். மன்னார் வளைகுடாவில் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் வனத்துறை அனுமதியின்றிக் கால் வைக்கவும் கூடாது. ஆமை முட்டையிட்ட தடத்தைப் பார்த்தால் தோண்டாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சொறி கரையொதுங்கிக் கிடந்தாலும் தொட வேண்டாம்; செத்த பிறகும் சுணை இருக்கும். பட்டுவிட்டால் கடல்நீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றுவதும் மணலால் தேய்ப்பதும் வலியைக் கூட்டும். மூச்சுத் திணறினால் உடனே 108. ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு உரசிக்கொண்டு நடக்கப் பழக்குங்கள். திருக்கை கிடந்தால் விலகிப் போய்விடும்.

இராமநாதபுரம், ஏழு வயது மகளின் தந்தை: பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பது சட்டப்படி குற்றமா?

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது குறிப்பிடவில்லை. வீட்டுக்கல்வியை அது பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை. பள்ளிக்கு மாற நினைத்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. வீட்டிலேயே தொடர்ந்தால், பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். 14 வயதில் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வும் உண்டு. பிறப்புச் சான்றிதழையும் தேதியிட்ட நோட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். வீட்டில் பகல் முழுவதும் பிள்ளையோடு இருக்க ஆள் இல்லையென்றால், பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு மாலை நடையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சொன்னவற்றில் பெரும்பகுதியை அப்படியும் செய்யலாம்.

முதுகுளத்தூர், மூன்று வயது மகனின் தாய்: எங்களுக்குக் கடல் இல்லை. சுற்றிலும் சீமைக்கருவேலம்தான் இருக்கிறது.

கண்மாய் இருக்கிறதே. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் உங்கள் பக்கம்தான். மழை பெய்த ஆண்டில் மார்கழி, தையில் போய்ப் பாருங்கள். மற்ற நாட்களில் உங்கள் ஊர் ஊருணியின் படிக்கட்டில் தண்ணீர் எந்தப் படி வரை நிற்கிறது என்று வாரம் ஒரு முறை பையனோடு போய்ப் பார்த்து, அந்தப் படியில் கரிக்கட்டையால் ஒரு கோடு போடுங்கள். மூன்று வயதுக்கு அதுவே அதிகம்.

மண்டபம், ஐந்து வயது மகளின் தாய்: வீட்டிலேயே இருந்தால் மற்றப் பிள்ளைகளோடு பழகத் தெரியாமல் போய்விடாதா?

போய்விடும், நீங்கள் கதவைச் சாத்தினால். நான்கு மணிக்குப் பள்ளி விட்டதும் தெருப்பிள்ளைகள் கரைக்கு வருவார்கள். அந்த நேரத்தில் உங்கள் நடையை முடித்துக்கொண்டு மகளை அவர்களிடம் விட்டுவிடுங்கள். கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் விளையாட ஒரு சாண் குச்சியும் குவித்த மணலும் போதும். கோர்த்த கைகளை மணலில் எந்த இடத்தில் வைத்தால் ஒளித்த குச்சி அகப்படும் என்று யோசிப்பதும், எதிராளியின் முகத்தைப் படிப்பதும், அகப்படாதபோது எதிராளி கண்ணைப் பொத்த, கைநிறைய மணலோடு நடப்பதும் நீங்கள் வீட்டில் சொல்லிக்கொடுக்கக் கூடியவை அல்ல. நீங்கள் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள். சண்டை வந்தாலும் அடி விழாத வரை எழுந்து போகாதீர்கள்.