சிக்னல் கம்பத்தை எங்கே நடுவது?

வாசகர் கேள்வி பதில்

போக்குவரத்து சிக்னல் பற்றி ஒருவர் ஆரம்பித்து வைக்க, தொடர்ந்து அதையே கேட்டு எழுதிவிட்டீர்கள். சரி, இந்த முறை எல்லாமே சிக்னல்தான்.

கேள்வி: பாரிஸ் போயிருந்தோம். அங்கே சிக்னல் கம்பங்கள் ஒல்லியாக, உயரம் குறைவாக, தெரு மூலையில் ஒதுங்கி நிற்கின்றன. ஊரின் அழகு கெடவே இல்லை. நம் ஊரில் மட்டும் ஏன் சாலைக்குக் குறுக்கே இரும்புத் தூண் நட்டு விளக்கைத் தொங்கவிடுகிறார்கள்? ரசனை இல்லாததுதான் காரணமா? (கோவை வாசகர்)

ரசனை பாதிக் காரணம்கூட இல்லை. அந்த ஒல்லிக் கம்பம் எங்கே நின்றது என்று கவனித்தீர்களா? நிறுத்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே, வண்டிகள் வந்து நிற்கிற இடத்திலேயே இருக்கும். சந்திப்பைத் தாண்டி எதிர்ப்பக்கத்தில் வண்டிக்காரருக்கென்று இன்னொரு விளக்கு இருக்காது. கோட்டைத் தாண்டி கொஞ்சம் முன்னால் போய் நின்றுவிட்டால் விளக்கு முதுகுக்குப் பின்னால் போய்விடும், பச்சை விழுந்ததா இல்லையா என்றே தெரியாது, பின்னால் நிற்பவர் ஹார்ன் அடித்துத்தான் சொல்ல வேண்டும். அதனால் போலீஸ்காரர் இல்லாமலேயே வண்டிகள் கோட்டுக்குப் பின்னால் நிற்கின்றன, ஜீப்ரா கோடு நடப்பவர்களுக்குக் காலியாகக் கிடைக்கிறது. கோட்டை ஒட்டி நிற்கிற முதல் வண்டிக்காரர் அண்ணாந்து பார்க்கக் கஷ்டப்படுவாரே என்று அதே கம்பத்தில் அவர் கண் மட்டத்துக்குச் சின்னதாக இன்னொரு மூன்று விளக்கு வைத்திருப்பார்கள். அதையும் பார்த்திருப்பீர்கள், அலங்காரம் என்று நினைத்திருக்கலாம்.

அமெரிக்காவில் கதை நேர் எதிர். விளக்கு சந்திப்புக்கு அந்தப் பக்கம், தலைக்கு மேலே, நீண்ட இரும்புக் கையிலோ குறுக்கே கட்டிய கம்பியிலோ தொங்கும். தூரத்திலிருந்தே தெரியும், எதிரே லாரி நின்றாலும் மறைக்காது, ஆறு தடச் சாலையில் நடுத் தடத்தில் வருகிறவருக்கும் நேராக இருக்கும். இதெல்லாம் உண்மையான லாபம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜீப்ரா கோட்டின் மேலேயே ஏறி நின்றாலும் விளக்கு நன்றாகத் தெரிகிறது என்பதால் நகர்ந்து நகர்ந்து முன்னால் போக ஒரு தடையும் இல்லை. அப்புறம் ஊர்த் தோற்றம். கம்பியில் தொங்குகிற விளக்குகள் காற்றுக்கு ஆடும், புயல் வந்தால் அறுந்து விழும். இதனால்தான் ஃப்ளோரிடாவின் கடலோரப் பகுதிகளில் கம்பிகளை எடுத்துவிட்டு உறுதியான இரும்புக் கைகளுக்கு மாறுகிறார்கள். பாதுகாப்பு சரி, ஆனால் வானத்துக்குக் குறுக்கே இன்னும் தடிமனாக ஒரு கோடு விழுந்துவிடுகிறது.

ஆகவே தவறு இரும்புத் தூணில் இல்லை, அதை நடுகிற இடத்தில் இருக்கிறது. அகலமான பைபாஸ் சந்திப்புக்கு அந்தத் தூண் வேண்டும். கோயில் பக்கத்து இரண்டு தடத் தெருவில் அதே தூணை நட்டு, அதிலேயே வழிகாட்டிப் பலகை, கேமரா, விளம்பரம் எல்லாவற்றையும் மாட்டினால் தெருவும் அசிங்கமாகும், விளக்கும் கண்ணில் படாது. கண்ணுக்குக் கூட்டமாகத் தெரிகிற சந்திப்பில் விளக்கும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகிவிடுகிறது. அழகுக்கும் பாதுகாப்புக்கும் சண்டை என்று பேசுகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

கேள்வி: அந்தக் காலத்தில் சிக்னல்களைச் சிற்பம் போலச் செய்தார்களாமே, உண்மையா? அப்படியே வைத்திருந்தால் என்ன? (மதுரை வாசகி)

உண்மைதான். நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் 1922-ல் ஏழு வெண்கலக் கோபுரங்களை நடுத்தெருவில் நிறுத்தினார்கள். ஒவ்வொன்றும் 23 அடி உயரம், வடிவமைத்தவர் ஜோசப் ஃப்ரீட்லேண்டர் என்ற கட்டடக் கலைஞர், செலவை ஏற்றுக்கொண்டது அந்தத் தெருவின் வணிகர்களும் சொத்துக்காரர்களும் சேர்ந்த சங்கம். உள்ளே ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து விளக்கை மாற்றுவார். பணக்காரக் கடைகள் இருக்கிற தெரு, அதற்கேற்ற சிக்னல் என்று எல்லோருக்கும் பெருமை. ஆனால் வண்டிகள் பெருகப் பெருக, போக்குவரத்தைச் சரிசெய்ய வந்த கோபுரமே நடுவில் நின்று வழியை அடைத்தது. 1929-ல் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் ஆசை விடவில்லை. 1931-ல் அதே ஃப்ரீட்லேண்டர் ஓரத்தில் நிற்கும் வெண்கலக் கம்பங்கள் செய்து, உச்சியில் மெர்க்குரி தேவனின் குட்டிச் சிலையை வைத்தார். பார்க்க அழகு. ஆனால் சிவப்பும் பச்சையும் மட்டும்தான், நடுவில் மஞ்சள் கிடையாது! ஓடிக்கொண்டிருக்கிற வண்டி நிற்பதற்குச் சில நொடி வேண்டும் என்பதை அந்த விளக்கு கணக்கில் எடுக்கவே இல்லை. 1960-களில் அவையும் போயின.

இதற்கெல்லாம் முன்னால் லண்டனில் 1868 டிசம்பரில், நாடாளுமன்றத்துக்கு வெளியே, ரயில்வே பொறியாளர் ஜான் பீக் நைட் யோசனைப்படி ஒன்று வைத்தார்கள். பகலில் ரயில் கைகாட்டி, இரவில் சிவப்பும் பச்சையுமாக கேஸ் விளக்கு. அடுத்த மாதமே கேஸ் கசிந்து வெடித்து, இயக்கிக்கொண்டிருந்த போலீஸ்காரருக்குத் தீக்காயம்.

பெர்லின் பாட்ஸ்டாமர் பிளாட்ஸில் 1924-ல் கட்டிய ஐந்து பக்கக் கோபுரத்தின் நகல் இன்றும் அங்கே நிற்கிறது. அதுபோல நினைவுச் சின்னமாக வைத்துக்கொள்ளலாம், தாராளமாக. வேலை செய்ய வேறு கம்பம் வேண்டும்.

கேள்வி: இப்போது கம்பம் முழுக்க எல்.இ.டி. பட்டை ஒட்டி, சிவப்பு விழுந்தால் கம்பமே சிவப்பாக எரிகிறதே. எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களுக்கு? (சென்னை வாசகர்)

பாதி பிடித்திருக்கிறது. பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஸ்கூட்டர்காரருக்கு மேலே உள்ள வட்டம் தெரியாது, கம்பத்தின் அடிப்பகுதியாவது தெரியும். அது நல்லதுதான்.

மீதிப் பாதிதான் பிரச்சினை. சிவப்பு மேலே, மஞ்சள் நடுவில், பச்சை கீழே என்ற வரிசை வெறும் வழக்கம் இல்லை. சிவப்பு, பச்சை இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் நிறையப் பேர். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் என்பார்கள், மற்ற இடங்களில் கொஞ்சம் குறைவு, ஆனால் எங்கும் இருக்கிறார்கள். அவர்கள் நிறத்தைப் பார்த்து ஓட்டுவதில்லை, எந்த இடத்து விளக்கு எரிகிறது என்று பார்த்து ஓட்டுகிறார்கள். கம்பம் முழுக்க ஒரே நிறமாக எரிந்தால் மேல் எது கீழ் எது? கனடாவின் கியூபெக்கில் சிவப்பைச் சதுரமாகவும் மஞ்சளை வைர வடிவிலும் பச்சையை வட்டமாகவும் வைப்பது இவர்களுக்காகத்தான்.

(வரிசையை மாற்றிய ஒரே ஒரு வேடிக்கையான இடம் அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரில் இருக்கிறது. ஐரிஷ்காரர்கள் குடியிருந்த பகுதி. பிரிட்டனின் சிவப்பு அயர்லாந்தின் பச்சைக்கு மேலே இருப்பதா என்று பையன்கள் கல்லால் அடித்து உடைத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் மாநகராட்சி இறங்கி வந்து பச்சையை மேலே வைத்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.)

பணம் செலவழிக்க வேண்டும் என்றால் நான் பட்டையில் போட மாட்டேன். விளக்குக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தகடு, அதன் விளிம்பில் ஒளியைத் திருப்பி அனுப்பும் மஞ்சள் பட்டி, இவ்வளவுதான். பின்னால் விளம்பரப் பலகை எரிந்தாலும், மாலை வெயில் அடித்தாலும் விளக்கு தனியாகத் தெரியும். மின்சாரம் போன இரவிலும் வண்டி வெளிச்சம் பட்டு, இங்கே சிக்னல் இருக்கிறது என்று காட்டும். இதனால் விபத்து 15 சதவீதம் வரை குறையும் என்பது அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்தின் கணக்கு. பார்க்கவும் அசிங்கமில்லை.

கேள்வி: விநாடி எண்ணும் டைமர் நல்லதா கெட்டதா? ஒரு வரியில் சொல்லுங்கள். (திருச்சி வாசகர்)

சிவப்பில் நல்லது, பச்சையில் சந்தேகம். ஒரு வரி போதாது, மன்னிக்கவும். இன்னும் மூன்று நொடி இருக்கிறது என்று தெரிந்தால் சிலர் வேகத்தைக் குறைப்பதற்குப் பதில் முறுக்குகிறார்கள். டொராண்டோவில் பாதசாரிகளுக்காக வைத்த எண்களை ஓட்டுநர்களும் பார்த்தார்கள். பாதசாரிகள் அடிபடுவது குறைந்தது, வண்டியும் வண்டியும் மோதுவது கூடியது என்று அதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் சொன்னார்கள். எண் நடப்பவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்தால் தீர்ந்தது.

கேள்வி: மும்பையில் நடைபாதை சிக்னலில் பெண் உருவம் வைத்தார்களே, இதெல்லாம் விளம்பரம்தானே? (சேலம் வாசகி)

2020-ல் தாதர் பக்கம் வைத்தார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. உருவத்துக்கும் வேலை உண்டு. 1961-ல் கிழக்கு பெர்லினில் கார்ல் பெக்லாவ் என்ற போக்குவரத்து உளவியலாளர் தொப்பி போட்ட குண்டு மனிதனை வரைந்தார். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் பிடிக்க வேண்டும் என்பது ஒன்று, குண்டாக இருப்பதால் ஒளி வருகிற பரப்பு அதிகம் என்பது இன்னொன்று. ஜெர்மனி ஒன்றானதும் தூக்கிவிடப் பார்த்தார்கள், மக்கள் விடவில்லை, இப்போது மேற்கு பெர்லினிலும் அதே தொப்பிக்காரர்தான். ஊருக்கே அடையாளமாகிவிட்டார்.

ஆனால் உருவம் யாராக இருந்தாலும் கடக்க எத்தனை நொடி கொடுக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. சிங்கப்பூரில் 2009 முதல், முதியவர்கள் தங்கள் அட்டையைக் கம்பத்தில் தட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து மூன்று நொடியிலிருந்து 13 நொடி வரை பச்சை நீள்கிறது. நியூயார்க்கில் பல சந்திப்புகளில் வண்டிக்குப் பச்சை விழுவதற்குச் சில நொடி முன்னாலேயே நடப்பவருக்கு விழுந்துவிடும். வண்டி திரும்புவதற்குள் அவர் பாதிச் சாலையில், கண்ணுக்கு நேராக இருப்பார். இதற்குப் புதுக் கம்பம்கூட வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும்.

கேள்வி: எங்கள் தெருமுனை சிக்னலை மரக்கிளையும் ஃப்ளெக்ஸும் மறைக்கின்றன. யாரிடம் சொல்வது? (திருநெல்வேலி வாசகர்)

போக்குவரத்து போலீஸ், மாநகராட்சி இருவருக்கும் எழுதுங்கள், ஒருவர் மற்றவரைக் கை காட்டுவது குறையும். படம் எடுத்து அனுப்புங்கள், ஆனால் நடைபாதையில் நின்று எடுக்காதீர்கள். வண்டியில் உட்கார்ந்து வருகிறவர் கண் உயரத்தில், நிறுத்தக் கோட்டுக்கு வெகு முன்பிருந்தே, ஒரு பகல் படம், ஒரு இரவுப் படம். ஓட்டுகிறவர் எடுக்க வேண்டாம், பின்னால் உட்கார்ந்தவர் எடுக்கட்டும். கிளையை வெட்டச் சொல்லும்போது மரத்தையே வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் ஃப்ளெக்ஸைக் கழற்றச் சொல்லுங்கள்.