சிவப்பு மேப்பிள்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

ஏப்ரல் பிறந்தால் கனடாவிலும் அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்திலும் நர்சரிகளில் கூட்டம் அலைமோதும். "ரெட் மேப்பிள் மரம் ஒன்று வைக்கலாமா?" என்று எனக்கு வரும் கேள்விகளும் அதே வேகத்தில் பெருகும். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு மீதிக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், மார்க்கமிலிருந்து: எங்கட வீதியில ஒரு வீட்டு வளவில கோடை முழுக்கக் கருஞ்சிவப்பு இலையோட ஒரு மேப்பிள் நிக்குது. நர்சரியில ரெட் மேப்பிள் எண்டு கேட்டா அதைத்தானே தருவினம்?

தரமாட்டார்கள் அக்கா. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் கிரிம்சன் கிங். அது ஐரோப்பாவிலிருந்து வந்த நார்வே மேப்பிளின் ஒரு ரகம். சந்தேகமிருந்தால் ஒரு இலையைக் காம்போடு பறித்து, காம்பை ஒடித்துப் பாருங்கள். பால் போல வெள்ளையாகக் கசிந்தால் நார்வே, தெளிந்த நீராக இருந்தால் வேறு மேப்பிள்.

அசல் சிவப்பு மேப்பிள் கோடையில் பச்சையாகத்தான் இருக்கும். இலை மூன்று அல்லது ஐந்து மடலாகப் பிரிந்து, விளிம்பில் அரம் போலப் பல் வைத்திருக்கும். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் சாம்பல் பூசியது போல வெளுத்திருக்கும். சிவப்பெல்லாம் மற்ற இடங்களில்: இலைக்காம்பு, இளங்கிளை, பனி உருகியதும் இலைக்கு முன்பே வரும் பூ, அப்புறம் இலையுதிர் கால இலை.

கிரிம்சன் கிங் வேண்டாம் என்பதே என் கருத்து. நார்வே மேப்பிள் ஒன்டாரியோவின் பள்ளத்தாக்குக் காடுகளுக்குள் விதை பரப்பி, அடர்ந்த நிழலால் கீழே எதையும் முளைக்க விடாமல் செய்கிறது. கோடையிலும் சிவப்பு வேண்டுமென்றால், காற்று மறைவான மூலையில் சிவப்பு இலை ரக ஜப்பானிய மேப்பிள் ஒன்று வையுங்கள். சின்ன மரம், அடக்கமாக நிற்கும்.

பிராம்ப்டனிலிருந்து: புது வீடு. பில்டர் நட்ட சிவப்பு மேப்பிளில் ஜூன் மாதமே இலை மஞ்சளாகிவிட்டது, நரம்பு மட்டும் பச்சை. இரும்புச் சத்து வாங்கிப் போட்டேன், பலனில்லை.

சிவப்பு மேப்பிளில் இந்த அறிகுறி வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இரும்பையல்ல, மாங்கனீஸை. மண்ணில் மாங்கனீஸ் இருக்கும், ஆனால் மரத்தால் எடுக்க முடியாது. காரணம் மண்ணின் காரத்தன்மை. இந்த மரத்துக்குப் பிடித்தது அமிலத்தன்மையுள்ள, ஈரமான மண். தெற்கு ஒன்டாரியோவின் பெரும்பகுதியில் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அதற்கு மேல் களிமண். புதுக் குடியிருப்பு என்றால் பில்டர் புதைத்துவிட்டுப் போன சிமெண்ட் கழிவும் சேர்ந்திருக்கும்.

முதலில் மண் பரிசோதனை. பி.எச். (மண்ணின் அமில-கார அளவு) 7-ஐத் தாண்டியிருந்தால் கந்தகம் போட்டு மாற்றப் பார்க்காதீர்கள். சுண்ணாம்பு கலந்த மண் அந்தக் கந்தகத்தை எல்லாம் விழுங்கிவிட்டுப் பழைய நிலைக்கே வரும். மர மருத்துவர் தண்டில் மாங்கனீஸ் ஊசி போட்டால் ஓரிரு வருடம் பச்சை திரும்பும், அப்புறம் மறுபடியும் செலவு. மரம் இன்னும் சிறியதென்றால் மாற்றிவிடுவதுதான் மலிவு. ஹாக்பெரியும் பர் ஓக்கும் காரமண்ணைப் பொருட்படுத்தாதவை.

ஒன்று மட்டும்: மரம் வீட்டு முன்னால் சாலையோரப் புல்தரையில் நின்றால் அது நகராட்சியின் மரமாக இருக்கலாம். கை வைப்பதற்கு முன் நகராட்சியைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நியூ ஜெர்சி எடிசனிலிருந்து: கான்ட்ராக்டர் நட்டுவிட்டு, தண்டைச் சுற்றி மரச்சீவலை எரிமலை மாதிரி குவித்துவிட்டுப் போயிருக்கிறார். பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான் இருக்கிறது. சரிதானா?

சரியில்லை. ஊரே செய்வதால் அது சரியாகிவிடாது. சிவப்பு மேப்பிளுக்கு வரும் கஷ்டங்களில் பாதி, தரையிலிருந்து அரை அடி உயரத்துக்குள்ளேதான் தொடங்குகிறது.

நாளை காலையிலேயே கையால் அந்தக் குவியலை விலக்குங்கள். தண்டு கீழே போகப் போக அகன்று, முதல் வேர்கள் பிரியும் இடம் தெரிய வேண்டும். கம்பம் நட்டது போல நேராக மண்ணுக்குள் இறங்கினால் ஆழமாக நட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். மேலும் தோண்டிப் பாருங்கள். இரண்டு மூன்று அங்குலம்தான் என்றால் மண்ணை அகலமாக ஒதுக்கிவிட்டால் போதும். அரை அடி, முக்கால் அடி என்றால் கான்ட்ராக்டரைத் திரும்பக் கூப்பிட்டு உயர்த்தி நடச் சொல்லுங்கள். முதல் வருடத்துக்குள் செய்தால் மரம் தாங்கும்.

குவியலுக்குள் பட்டை எப்போதும் ஈரமாக இருக்கும். அது மெல்ல அழுகும். அந்த ஈரத்தை நம்பி தண்டிலிருந்து புதுவேர்கள் கிளம்பும். அவை வெளியே போகாமல் தண்டையே சுற்றும். இந்த மரத்துக்கு இயல்பிலேயே வேர் மேலோட்டமாகத்தான் ஓடும், அதனால் இந்தக் கெட்ட பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். பத்து, பதினைந்து வருடம் கழித்து அந்த வேரே தண்டை நெரிக்கும்.

மூடாக்கு (தண்டைச் சுற்றிப் பரப்பும் மரச்சீவல்) மூன்று அங்குல உயரம், எவ்வளவு அகலமானாலும் நல்லது. தண்டை மட்டும் தொடக்கூடாது, ஒரு கை அகலம் இடைவெளி விடுங்கள். வேர்ப்பந்தின் மேல் சணல் சாக்கும் கம்பிக்கூடும் அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள். மேல் பாதியையாவது வெட்டி எடுக்க வேண்டும். தண்ணீர், தண்டின் குறுக்களவில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் வாரம் ஏறத்தாழ நாற்பது லிட்டர், மெதுவாக. முதல் வருடம் உரம் வேண்டாம்.

இன்னொன்று, இதன் பட்டை மெலிது. புல் வெட்டும் ஆள் டிரிம்மர் கயிற்றால் நாலு முறை உரசினால் போதும், பட்டைக்குள் உணவு ஓடும் பாதை அறுந்துவிடும். மூடாக்கு வட்டம் இருந்தால் அவர் அந்தப் பக்கம் வரவே மாட்டார்.

ஸ்கார்பரோவிலிருந்து: எங்கள் மரத்தில் ஒரு பக்கம் மட்டும் ஆகஸ்டிலேயே சிவந்துவிட்டது. அழகாய்த்தான் இருக்குது. இது நல்லதா?

படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மகிழாதீர்கள். அக்டோபரில் வர வேண்டிய நிறம் ஆகஸ்டில் வந்தால் மரம் எதற்கோ தவிக்கிறது. அடித்தண்டைச் சுற்றி வந்து பாருங்கள். ஒரு பக்கம் அகன்றும், சிவந்த கிளைகளுக்கு நேர் கீழே தட்டையாகவும் இருந்தால், மேலே சொன்ன நெரிக்கும் வேர் இருக்கலாம். சின்ன வேரென்றால் உளியால் வெட்டலாம். தண்டில் புதைந்துவிட்டதென்றால் சான்றிதழ் பெற்ற மர மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த சந்தேகம் வெர்டிசிலியம் என்ற மண் பூஞ்சை. வாடிய கிளை ஒன்றைச் சாய்வாக வெட்டினால் உள்மரத்தில் பச்சைக் கோடுகள் தெரியும். அதற்கு மருந்து இல்லை. காய்ந்ததை வெட்டி, வறட்சியில் தண்ணீர் விட்டுவந்தால் சில மரங்கள் பல வருடம் தாக்குப்பிடிக்கும். அது செத்தால் அதே குழியில் இன்னொரு மேப்பிள் வைக்காதீர்கள்.

பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பும் சிவப்பு மேப்பிளுக்கு ஆகாது. பனிக்காலத்தில் உங்கள் கார்ப்பாதை உப்பு அந்தப் பக்கம் வழிகிறதா என்றும் யோசியுங்கள்.

நியூயார்க் மாநிலம் பஃபலோவிலிருந்து: எந்த ரகம் வாங்கலாம்? ஆட்டம் பிளேஸ் என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

விதையில் முளைத்த கன்று வாங்கினால் நிறம் அதிர்ஷ்டம்தான். ஒன்று ரத்தச் சிவப்பு, அடுத்தது வெறும் மஞ்சள். அதனால்தான் பெயருள்ள ரகம். உங்கள் ஊருக்கு ரெட் சன்செட் நம்பகமானது, நேரத்தோடு சிவக்கும். அக்டோபர் குளோரி தெற்கே அற்புதம், ஆனால் தாமதமாக நிறம் மாறுவதால் உங்கள் பக்கம் சில வருடம் உறைபனி முந்திக்கொள்ளும். விதை உதிர்வது தொல்லை என்றால் பிராண்டிவைன். அது ஆண் மரம்.

ஆட்டம் பிளேஸ் முழுச் சிவப்பு மேப்பிள் அல்ல, சில்வர் மேப்பிளோடு கலந்த கலப்பு. இந்தக் கலப்பை 1933-இல் அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் ஆலிவர் ஃப்ரீமன் முதலில் செய்தார், அதனால் இந்த வகைக்கே ஃப்ரீமன் மேப்பிள் என்று பெயர். வளர்ச்சி வேகம், வறட்சியும் ஓரளவு தாங்கும். ஆனால் பல கிளைகள் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக் கிளம்பி, பனிக்கட்டி மழையில் பிளந்து விழும். வாங்கினால் சிறு வயதிலேயே நடுத்தண்டு ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை அடக்கி வெட்டி வாருங்கள். எந்த ரகமானாலும் ஒட்டுக்கன்றைவிடத் தன் வேரில் வளர்ந்த கன்று மேல். ஒட்டு சில சமயம் பல வருடம் கழித்துப் பொருந்தாமல் போகும்.

அதே ஊர், வேறொருவர்: வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?

குறைந்தது இருபது அடி. வளர்ந்தால் நாற்பது முதல் அறுபது அடி உயரம், முப்பது நாற்பது அடி அகலம். மின்கம்பிக்குக் கீழே வேண்டவே வேண்டாம். தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811 என்ற தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டுவிடுங்கள், எரிவாயுக் குழாயை இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள்.

வட கரோலினா சார்லட்டிலிருந்து: கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய மரத்தின் கிளைகளில் கறுப்பும் சாம்பலுமாகச் சொரசொரவென்று மேடுகள். நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது.

உதிரும் ஒவ்வொரு மேடும் ஒரு பூச்சி. குளூமி ஸ்கேல் என்பார்கள், செதில் பூச்சி வகை. காட்டுக்குள் இது அபூர்வம். தார்ச்சாலையும் சிமெண்டும் சூழ்ந்த இடத்தில் சூடு கூடக்கூட அதன் முட்டைகள் பெருகும், தாகத்தில் நிற்கும் மரமும் எதிர்க்க முடியாமல் போகும். குஞ்சுகள் ஒரே நாளில் வெளிவருவதில்லை, பல வாரம் வந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரு தடவை மருந்தடித்துத் தீர்க்க முடியாது. குளிர்கால முடிவில், பூச்சிக்கென விற்கும் தோட்ட எண்ணெய் தெளித்து, கோடையில் தண்ணீரை நிறுத்தாமல் கொடுங்கள். புதிதாக நடுபவர்கள் சுற்றுமுற்றும் பாருங்கள். தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிமெண்டும் தாருமாக இருந்தால் வேறு மரம் தேடுங்கள்.

பென்சில்வேனியாவிலிருந்து: பக்கத்துப் பண்ணையில் குதிரைகள் இருக்கின்றன. மரம் வைத்தால் ஆபத்தா?

ஆமாம், வேலியோரம் வைக்காதீர்கள். வாடிய, காய்ந்த சிவப்பு மேப்பிள் இலை குதிரையின் ரத்த அணுக்களை உடைக்கும். ஒன்றரைக் கிலோ இலையே ஒரு குதிரையைக் கொல்லப் போதுமானது. புயலில் கிளை ஒடிந்து மேய்ச்சல் நிலத்தில் விழுந்தால் அன்றைக்கே அகற்ற வேண்டும். குதிரை சோர்ந்து, சிறுநீர் செம்பழுப்பாகப் போனால் உடனே கால்நடை மருத்துவர்.

ஒட்டாவாவிலிருந்து: இதில் மேப்பிள் சிரப் எடுக்கலாமா?

எடுக்கலாம். சர்க்கரை மேப்பிளில் நாற்பது லிட்டர் சாறு காய்ச்சினால் ஒரு லிட்டர் சிரப் கிடைக்கும். சிவப்பு மேப்பிளில் சர்க்கரை குறைவு, ஐம்பது அறுபது லிட்டர் வரை போகும். மொட்டும் முந்தி விரியும். மொட்டு விரிந்ததும் சாற்றில் ஒரு கெட்ட வாடை வந்துவிடும், அன்றோடு நிறுத்துங்கள். தண்டு குறுக்களவு பத்து அங்குலமாவது இருக்க வேண்டும். காய்ச்சுவது வீட்டுக்கு வெளியே, இல்லாவிட்டால் சுவரெல்லாம் பிசுபிசுக்கும்.

கொடைக்கானலிலிருந்து: ஆன்லைனில் விதை விற்கிறார்கள். இங்கே வருமா சார்?

அந்த விதைக்குக் காசு கொடுக்காதீர்கள். சிவப்பு மேப்பிள் விதை வசந்த முடிவில் உதிர்ந்து பெரும்பாலும் உடனே முளைப்பது. அங்கே முளைத்து வளர்ந்தாலும் அந்தச் சிவப்பு வராது, அதற்கு வெயில் பகலும், குறுகிவரும் நாளும், கூர்மையான குளிர் இரவும் சேர வேண்டும். உங்கள் சோலைக்காடுகளிலேயே தளிர் விடும்போது மரங்கள் சிவக்கின்றனவே. சமவெளியில் என்றால் நாட்டு வாதுமை இலை உதிர்க்கும் முன் சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே நிறமிதான் இங்கேயும்.

மிசிசாகாவிலிருந்து: இலையில் குட்டிக் குட்டிச் சிவப்புக் கொப்புளங்கள். மருந்தடிக்க ஒரு கம்பெனி 300 டாலர் கேட்கிறது.

கொடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் இலையில் எழுப்பும் வீக்கம் அது, மரத்துக்கு ஒன்றும் ஆகாது. இலையில் தார் தெளித்தது போன்ற கரும்புள்ளியும் அப்படித்தான், உதிர்ந்த இலையைக் கூட்டி அகற்றினால் அடுத்த வருடம் குறையும். தண்டில் பென்சில் நுழையும் அளவுக்கு வட்டமாகத் துளை தெரிந்தால் மட்டும் விடாதீர்கள். ஆசிய நீளக்கொம்பு வண்டு உங்கள் பக்கம் ஒருமுறை வந்து, 2020-இல்தான் முழுதாக ஒழிந்ததாக அறிவித்தார்கள். படம் எடுத்து கனடா உணவு ஆய்வு முகமைக்கு அனுப்புங்கள். அதற்குக் கட்டணமும் கிடையாது.