காகக் கூட்டத்துக்குக் 'கொலை' என்று பெயரா?

கல்முனைத் தாயொருவர் கேட்கிறார்: தரம் 5இல் படிக்கும் என் மகள், மாதிரி வினாத்தாளொன்றில் காகங்களின் தொகுதிப்பெயர் 'கூட்டம்' என்று எழுதினாள். அதைப் பிழையென்று வெட்டி, 'கொலை' என்பதே விடை என்கிறார்கள். எது சரி?

உங்கள் மகள் எழுதியதே சரி. ஆங்கிலத்தில் காகக் கூட்டத்தை 'மர்டர்' என்பதுண்டு. அதை யாரோ அகராதியைப் பார்த்துத் தமிழாக்கி விட்டிருக்கிறார்கள். அந்தச் சொல், 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேட்டையாடும் சீமான்கள் கற்று வைத்திருந்த தொகுதிப்பெயர்ப் பட்டியல்களிலிருந்து வந்தது. 1486இல் அச்சான 'செயின்ட் அல்பன்ஸ் நூல்' அவற்றைப் பரப்பியது. கன்னியாஸ்திரிகளின் கூட்டத்துக்கே 'அளவுக்கு மிஞ்சியது' என்று பெயர் சூட்டிய பட்டியல் அது. அதில் பறவையியலைவிடக் குறும்பே அதிகம். இந்தப் பெயருக்குக் காரணமாகச் சிலர் சொல்வதுபோல், காகங்கள் வழக்கு விசாரித்துக் குற்றவாளியைக் கொல்லும் என்பது கட்டுக்கதை.

தொல்காப்பிய மரபியல் விலங்கு, பறவைகளின் இளமைப் பெயர்களையும் ஆண், பெண் பெயர்களையும் வகுத்துச் சொல்கிறதேயன்றி, ஒவ்வொரு பறவைக் கூட்டத்துக்கும் தனிப்பெயர் வகுக்கவில்லை. கூட்டம், இனம் என்பனவே நமக்குப் போதும்.

ஒரு விலக்கு உண்டு, அது 'நிரை'. நிரை என்றால் வரிசை. மாலையில் மட்டக்களப்பு வாவிக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து செல்லும் வெண்கொக்குகளைக் கொக்கு நிரை எனலாம். அதே கொக்குகள் காலையில் வயலில் உழவு இயந்திரத்தின் பின்னால் சிதறி நின்று புழுப் பொறுக்கும்போது அவை நிரையல்ல, வெறும் கூட்டமே. ஆநிரை என்ற பழஞ்சொல்லைக் காட்டி மாட்டுக்கு மட்டுமே நிரை வரும் என்று வாதிடுவோர், நிரல்பட நிற்பதே அச்சொல்லின் பொருள் என்பதை மறந்து விடுகிறார்கள்.

எனக்குக் கோபமெல்லாம் இந்த வினாத்தாள் வியாபாரிகள் மீதுதான். இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலப் பட்டியலை அப்படியே மொழிபெயர்த்து, ஆந்தைகளுக்குப் 'பாராளுமன்றம்' என்றும் அச்சடித்து, பெற்றோரின் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பயத்தைக் காசாக்குகிறார்கள். பத்து வயதுப் பிள்ளையை ஒரு புள்ளிக்காக ஓடவிடும் பரீட்சை முறை, கடையில் விற்கும் தாளின் விடைக்கு யார் பொறுப்பு என்று கேட்பதேயில்லை.

அந்த வினாத்தாளையும் இலவசப் பாடநூலையும் எடுத்துச் சென்று வகுப்பாசிரியரிடமே கேளுங்கள். 'மிகவும் அரிய தொகுதிப்பெயர்கள்' என்று அட்டையில் போட்டு விற்கும் புத்தகங்களை வாங்காதீர்கள். ஆங்கிலப் பாடத்தில் பறவைக் கூட்டத்தைக் கேட்டால், 'ஃப்ளொக்' என்று எழுதினால் போதும்.