வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் கணினியில் தெரியவில்லை. உள்ளே குடும்பப் படங்கள் இருக்கின்றன. என்ன செய்வது?

விண்டோஸ் "ஃபார்மட் செய்யவா?" என்றோ "இனிஷியலைஸ் செய்யவா?" என்றோ கேட்டால் தயவுசெய்து கேன்சல் கொடுங்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. அக்காவின் 1 டிபி டிஸ்க். அப்பாவின் கடைசி ஐந்தாறு வருடப் படங்கள் அதில் மட்டும்தான் இருந்தன. செருகினால் விளக்கு எரிகிறது, கணினியில் ஒன்றும் வரவில்லை. எடுத்துக் காதோரம் வைத்துக் கேட்டேன். சுழலத் தொடங்குகிறது, 'டிக்' என்று ஒரு சத்தம், நின்றுவிடுகிறது. இரண்டு நொடி கழித்து மறுபடி அதே. "போயிடுச்சாடா?" என்று அக்கா கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

சிபியூவின் முன்பக்கத்திலிருந்து கழற்றி, பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில், வேறொரு குட்டைக் கேபிள் போட்டுச் செருகினேன். டிக் சத்தம் போய், சீராகச் சுற்ற ஆரம்பித்தது.

இந்த 2.5 அங்குல டிஸ்க்குகளுக்குத் தனி அடாப்டர் கிடையாது, யுஎஸ்பியில் வரும் மின்சாரம்தான். கணக்குப்படி யுஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3 என்றால் 900. தட்டு சுழலத் தொடங்கும் அந்த நொடியில்தான் டிஸ்க் அதிகம் இழுக்கும். கேபிள் நைந்திருந்தாலோ, ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) வழியாகப் போட்டிருந்தாலோ அது போதாமல் போகும். விளக்கு எரியச் சொற்ப மின்சாரமே போதும், அதனால் விளக்கை நம்பாதீர்கள்.

கேபிளும் போர்ட்டும் மாற்றியும் தெரியவில்லையா? ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். டிஸ்க் அங்கே இருந்து, டிரைவ் எழுத்து (D:, E: போல) மட்டும் இல்லையென்றால் கவலையே வேண்டாம்: அதில் ரைட் கிளிக் செய்து ஓர் எழுத்தைக் கொடுத்தால் சரி. 'ரா' (RAW) என்று காட்டினால் ஃபைல் சிஸ்டத்தை விண்டோஸால் படிக்க முடியவில்லை என்று பொருள். படங்கள் அழிந்துவிட்டன என்று அர்த்தமில்லை. மேக்கிலோ லினக்ஸிலோ ஃபார்மட் செய்த நல்ல டிஸ்க்கையும் விண்டோஸ் இப்படித்தான் ஃபார்மட் செய்யச் சொல்லும். அந்த டிஸ்க் எந்தக் கணினியில் பழகியது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

'ரா' ஆன டிஸ்க்கில் உடனே செக்டிஸ்க் (chkdsk, விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் பிழை பார்க்கும் கருவி) ஓட்டச் சொல்வார்கள். வேண்டாம், அது டிஸ்க்கிலேயே எழுதித் திருத்தும். முதலில் டிடிரெஸ்க்யூ (ddrescue) மாதிரி ஒரு கருவியால் முழு டிஸ்க்கையும் இன்னொன்றுக்கு நகலெடுங்கள், அப்புறம் அந்த நகலில் எதையும் முயன்று பாருங்கள்.

நல்ல கேபிள், நல்ல போர்ட், வேறு கணினி எல்லாம் பார்த்தும் அந்த டிக் சத்தம் நிற்கவில்லை என்றால், இன்னொரு முறை செருகாதீர்கள். படிக்கும் ஹெட் கெட்டிருக்கலாம். ஒவ்வொரு முறை ஓடும்போதும் அது தட்டைக் கீறக்கூடும். கழற்றிவைத்து, தூசியில்லாத அறையில் டிஸ்க்கைத் திறக்கும் டேட்டா ரெக்கவரி ஆட்களிடம் கொடுங்கள். மேசையில் வைத்தே ஸ்க்ரூடிரைவரால் திறந்து பார்க்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.