பனங்கொட்டையும் தட்டு கழுவும் தண்ணீரும்

கேள்வி: எங்கள் பள்ளியில் வருடாவருடம் மரக்கன்று நடுகிறோம், பேரணி போகிறோம். ஆனாலும் மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் மேல் ஈடுபாடு வரவில்லை. என்ன செய்யலாம்?

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். நாம் நடுகிற மாதமே தப்பு.

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம் என்று அன்றைக்கே கன்று நடுகிறோம். எங்கள் பக்கம் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். அதற்கு இன்னும் நாலு மாதம் கிடக்கிறது. ஆனி, ஆடி மேல்காற்றில் வேம்பும் புங்கையும் சுருண்டுவிடும். பாட்டிலில் மிச்சமிருக்கிற தண்ணீரைப் பிள்ளைகள் ஊற்றிப் பார்ப்பார்கள். தப்பியதைக் கோடை விடுமுறை முடித்துவிடும். மூன்று வருடம் தான் நட்டது காய்வதையே பார்த்த பிள்ளைக்கு நாலாவது வருடம் ஆர்வம் எங்கிருந்து வரும்?

அதனால் பனைக்கு மாறினோம். ஆவணியில் பழம் விழும். ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். பள்ளிக்கு வரும் வழியிலேயே பொறுக்கி வந்துவிட்டார்கள், காசு செலவே இல்லை. எங்கே நடுவது என்பதையும் அவர்களிடமே விட்டேன். கண்மாய்க்கரை என்றார்கள். ஊராட்சியில் கேட்டுக்கொண்டு, கயிறு பிடித்துப் பத்தடிக்கு ஒன்றாகப் புரட்டாசியில் நட்டோம்.

அப்புறம்தான் சோதனை. கார்த்திகை முடியப்போகிறது, மண்ணுக்கு மேலே ஒன்றையும் காணோம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, "சார், எல்லாம் செத்துப்போச்சு சார்" என்றான். சரி, ஓரத்தில் ஒன்றைத் தோண்டிப் பார் என்றேன். ஈர மண்ணைக் கையாலேயே விலக்கினான். கொட்டையிலிருந்து வெள்ளையாக ஒரு முளை, ஒரு சாணுக்கு மேல் நேராகக் கீழே இறங்கியிருந்தது. பனை அப்படித்தான். முதலில் மண்ணுக்குள் போகும், குருத்து பிறகுதான் தலைகாட்டும். "இது பொங்கலுக்கு அவிக்கிற கிழங்குல்ல!" என்று ஒரு பெண் கத்தினாள். கொட்டையை வெட்டி, உள்ளே இருந்த தவுனை ஆளுக்கொரு துண்டு தின்றார்கள். அதற்குப் பிறகு கரைக்குப் போய்ப் பாருங்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆடு மேய்க்கிற தாத்தாவிடம் அவர்களே போய், "அந்தப் பக்கம் பார்த்து ஓட்டுங்க தாத்தா" என்று கேட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று சத்துணவுத் தட்டு கழுவுகிற தண்ணீர். தினமும் குழாயடியில் சேறாகத் தேங்கிக் கிடந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அதை வாய்க்கால் வெட்டி முருங்கைக்கும் கீரைப் பாத்திக்கும் திருப்பினார்கள். முட்டை ஓட்டை நொறுக்கி மரத்தடியில் போடுகிறார்கள். அந்த முருங்கைக்காய் சாம்பாரில் விழுகிற அன்றைக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்! இதில் வாரம் ஒரு குழு பொறுப்பு. எதை நடுவது, எப்போது பறிப்பது எல்லாம் அவர்கள் முடிவு. நான் கத்தியையும் மண்வெட்டியையும் மட்டும் கவனித்துக்கொள்கிறேன்.

பேரணி போங்கள், தப்பில்லை. ஆனால் அதற்காகும் நேரத்தில் ஒரு பாத்தி கொத்தலாம்.

உங்கள் ஊர் கன்னியாகுமரி, நீலகிரிப் பக்கம் என்றால் தென்மேற்குப் பருவமழை கைகொடுக்கும், ஜூனிலேயே கன்று நடலாம். எங்களைப் போலக் காய்ந்த பக்கம் என்றால் ஆவணி வரை பொறுங்கள். பக்கத்தில் பனை எங்கே நிற்கிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.